பர்லெஸ்க் விழா வார இறுதி: நாற்பது ஆட்டங்களில் உங்கள் ஐந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பாட்டுக்கு ஆடிக்கொண்டே உடையை ஒவ்வொன்றாகக் கழற்றும் மேடைக்கலைதான் பர்லெஸ்க். இதன் விழாக்கள் பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு இரவு முடியும். ஓர் இரவுக்கு 12 முதல் 20 ஆட்டங்கள், ஒவ்வொன்றும் 4 முதல் 6 நிமிடம். மூன்று இரவு உட்கார்ந்தால் 40 ஆட்டங்களுக்கு மேல் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை யாராவது "எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டால், "அந்தச் சிவப்பு இறகு வெச்சிருந்தவங்க... இல்ல, அது ரெண்டாம் நாளா?" என்று இழுக்க வேண்டியிருக்கும். சிவப்பு இறகோடு எட்டுப் பேர் வந்து போயிருப்பார்கள்.

யார் எவ்வளவு கழற்றினார்கள் என்பதை வைத்து இந்தக் கலையை எடைபோட முடியாது. கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும், அது அரங்கில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஓர் ஆட்டத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, ஒரு கையுறையோ கொக்கியோ கழல்வதற்கு முந்தைய பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் கீழே வரும் குறிப்புகளின் வேலை.

எந்த இரவு எதற்கு

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பாருங்கள். எல்லா இரவும் ஒரே மாதிரி இருக்காது. இந்த உலகின் பெரிய கூடல் லாஸ் வேகஸில் நடக்கும் பர்லெஸ்க் ஹால் ஆஃப் ஃபேம் வார இறுதி. அங்கே மூத்த கலைஞர்கள் ஆடும் இரவு தனி, பட்டத்துக்கான போட்டி இரவு தனி. சிறிய விழாக்களும் இதே பாணியில் புதியவர்களுக்கு ஓர் இரவு, நட்சத்திரங்களுக்கு ஓர் இரவு என்று பிரித்துக்கொள்ளும்.

ஓர் இரவுக்கு மட்டும்தான் சீட்டு வாங்க முடியும் என்றால் பலரும் போட்டி இரவைத்தான் வாங்குவார்கள். எங்கள் கருத்து வேறு. போட்டி இரவில் எல்லோரும் தங்களுடைய மிகப் பாதுகாப்பான, மிகப் பளபளப்பான ஆட்டத்தைக் கொண்டு வருவார்கள். பத்தாவது ஆட்டத்துக்குள் கண் களைத்துவிடும். மனதில் நிற்கும் விசித்திரமான ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் இரவில், பாதி நிரம்பிய அரங்கில் வந்து போகும்.

இருக்கை விஷயத்தில், முதல் வரிசை அவ்வளவு நல்ல இடமில்லை. மேடை உயரமாக இருந்தால் பாதம் தெரியாது. ஸ்டாக்கிங்ஸ் (தொடை வரை ஏறும் மெல்லிய காலுறை) கழற்றும் ஆட்டத்தில் பாதம் தெரியாவிட்டால் பாதி போச்சு. நான்காவது முதல் எட்டாவது வரிசை வரை, நடுப்பகுதி. விசிறி ஆட்டத்தைப் பக்கவாட்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கவே கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

கையில் என்ன இருக்க வேண்டும்

உள்ளங்கையளவு நோட்டு, ஒரு பென்சில். பேனா இருட்டில் மை விடுகிறதா இல்லையா என்று தெரியாது. செல்போனில் குறிப்பெடுக்காதீர்கள்: திரை வெளிச்சம் பின்னால் இருப்பவரின் கண்ணில் அடிக்கும், படம் எடுக்கிறீர்கள் என்று நினைத்து ஊழியர் வந்து தோளைத் தட்டுவார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம் என்று முன்கூட்டியே எண் போட்டு வையுங்கள். இருட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதித் தள்ளாமல் இருக்க இதுதான் வழி.

ஆட்டம் நடக்கும்போது எழுதாதீர்கள். ஆட்டம் முடிந்து, அடுத்தவரை அறிவிக்கும் வரை தொகுப்பாளர் ஒன்றிரண்டு நிமிடம் பேசுவார். கீழே விழுந்த துணிமணிகளைப் பொறுக்க 'கிட்டன்' என்று அழைக்கப்படும் உதவியாளர் வருவார். அந்த இடைவெளி போதும். மூன்றே விஷயம் எழுதுங்கள்: மேடைக்கு வந்த முதல் தோற்றம் என்ன, எந்தப் பொருள் கழன்றபோது நீங்கள் மூச்சைப் பிடித்தீர்கள், விளக்கு அணையும்போது உடல் எந்த நிலையில் நின்றது. 'அருமை', 'சூப்பர்' என்று எழுதி வைத்தால் மறுநாள் அதிலிருந்து ஒன்றும் தேறாது. 'இடது கையுறை, மோதிரவிரல், நிறுத்தம்' என்று எழுதியிருந்தால் மொத்த ஆட்டமும் திரும்பி வரும்.

கையுறை: முதல் சோதனை

பெரும்பாலான பாரம்பரிய ஆட்டங்களில் முதலில் கழல்வது கையுறை. முழங்கைக்கு மேல் ஏறும் நீளமான சாட்டின் கையுறை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆடுபவரின் தரத்தை அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. உடலை மறைத்துக்கொண்டே ஒரு கையை மட்டும் வைத்து முழு அரங்கையும் பிடித்து வைக்க வேண்டும்.

நடைமுறை இப்படி. முதலில் மேல் விளிம்பை முழங்கைக்குக் கீழே தள்ளித் தளர்த்த வேண்டும். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியாகப் பிடித்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழுத்துவிட வேண்டும். ஐந்தும் தளர்ந்த பிறகு, நடுவிரல் நுனியைப் பல்லால் கடித்தோ, மறுகையால் பற்றியோ, தரையில் வைத்துக் காலால் மிதித்தோ ஒரே இழுப்பில் உருவ வேண்டும். விரல் நுனிகளைத் தளர்த்தாமல் மேலிருந்து சுருட்டி இறக்கினால் கையுறை உள்வெளியாகத் திரும்பி, மணிக்கட்டில் வந்து மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பது ஆட்டமல்ல, மல்யுத்தம்.

தவறு நடக்கக் காரணம் பெரும்பாலும் வியர்வை. விளக்கு வெப்பத்தில் உள்ளங்கை ஈரமானால் சாட்டின் தோலோடு ஒட்டிவிடும். அனுபவசாலிகள் போடும் முன் உள்ளே கொஞ்சம் சோளமாவு தூவிக்கொள்வார்கள். உள்ளே மோதிரம் இருந்தாலும் சிக்கும். இன்னொன்று, முதல் கையுறையைக் கழற்றும் கைக்கும் வழுக்கும் சாட்டின் போட்டிருப்பதால் பிடி கிடைக்காது. இரண்டாவதை வெறுங்கையால் கழற்றுவதால் எளிது. ஆகவே முதல் கையுறையை நிதானமாகவும் இரண்டாவதை வேகமாகவும் உருவுகிறவர் அந்த வித்தியாசத்தையே ஆட்டமாக்கத் தெரிந்தவர்.

நீங்கள் பார்க்க வேண்டியது விரல்களுக்கு இடையிலான நேரம். ஐந்து விரலுக்கும் ஒரே இடைவெளி விட்டால் அது எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நமக்கே தெரிந்துவிடும். மூன்று விரலைச் சீராக இழுத்துவிட்டு நான்காவதில் கை நின்று, கண் மட்டும் நிமிர்ந்து அரங்கைப் பார்த்தால், அங்கே யாராவது கத்துவார்கள். அந்தக் கத்தல் வந்த பிறகுதான் விரல் நகரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த ஆட்டத்தில் நடக்கிறதோ, அந்தப் பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

விசிறிகள்

இறகு விசிறி ஆட்டம் என்றால் சாலி ராண்ட் பெயர் வராமல் இருக்காது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் இரண்டு பெரிய தீக்கோழி இறகு விசிறிகளோடு ஆடிப் பெரும் பேர் எடுத்தவர், கைதும் செய்யப்பட்டவர். அவர் எதையும் காட்டினாரா, காட்டினார் என்று கூட்டம் நினைத்துக்கொண்டதா என்பது இன்றுவரை முடியாத பேச்சு. இந்த ஆட்டத்தின் சூட்சுமமே அந்தச் சந்தேகம்தான்.

விசிறிகள் ஜோடியாக வரும், இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. இறகுக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. அது உடலை நோக்கி உள்ளே வளைய வேண்டும். கை மாற்றிப் பிடித்தால் இறகு வெளியே விரிந்து, ஓரத்தில் சந்து விழும். பின்மேடை அவசரத்தில் இது நடப்பதுண்டு. விசிறியை விரித்த முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்: இறகு நுனிகள் பார்வையாளரை நோக்கி வளைந்திருந்தால் ஜோடி மாறியிருக்கிறது.

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. ஒரு விசிறி மறைப்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இன்னொன்று அந்த இடத்தை விட்டுப் போகலாம். இரண்டும் கடக்கும் அந்த நொடிதான் ஆட்டம். கற்றுக்குட்டிகள் இரண்டையும் ஒரே வேகத்தில் நகர்த்துவார்கள். நடுவில் வெளி தெரியும். தேர்ந்தவர்கள் வரும் விசிறியைச் சற்று முன்னதாகக் கொண்டுவந்து, போகும் விசிறியைச் சற்றுத் தாமதமாக இழுப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாக நகர்ந்தது போலத்தான் இருக்கும்.

ஓர இருக்கை வேண்டாம் என்றது இதனால்தான். விசிறிகள் நேர் எதிரே இருப்பவரைக் கணக்கில் வைத்து மறைக்கின்றன. மேடைக்குப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் விசிறிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடம் முழுக்கத் தெரியும், வித்தை கலைந்துவிடும். பின்னாலிருந்து விளக்கு அடித்தாலும் இறகு ஊடுருவித் தெரியும். சிலர் நிழல் உருவத்துக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், சிலருக்கு விளக்குக்காரர் தெரியாமல் செய்துவிடுவார். ஆடுபவர் பின்விளக்கை நோக்கித் திரும்பி நிற்கிறாரா, அதிலிருந்து விலகப் பார்க்கிறாரா என்று கவனித்தால் எது எது என்று புரியும்.

மணிக்கட்டையும் பாருங்கள். பெரிய விசிறி விரிந்த நிலையில் காற்றைத் தள்ளுகிறது. எடையை விடக் காற்றின் எதிர்ப்புதான் கையை வாட்டும். மூன்றாவது நிமிடத்தில் விசிறி நுனிகள் தாழ ஆரம்பித்தால் கை ஓய்ந்துவிட்டது. அந்த நேரத்துக்கு ஒரு மண்டியிடலையோ, தரையில் படுத்து ஆடும் பகுதியையோ வைத்துக்கொண்டவர் தன் உடலைத் தெரிந்து ஆட்டத்தைக் கட்டியிருக்கிறார். இறகு காதணியில் மாட்டுவது, தலை அலங்காரத்தில் மாட்டுவது, மேலே உள்ள ஏசி காற்றில் திரும்பிப் பறப்பது எல்லாம் சகஜம். ஈரக்காற்றில் இறகு தொய்ந்து குச்சி மாதிரி ஆகிவிடும். மேடைக்கு வரும் முன் லேசாக நீராவி காட்டி, உதறி, உலரவிட்டால் திரும்பப் புசுபுசுவென்று நிற்கும். விரித்ததும் அது அப்படி நின்றால் பின்னால் யாரோ அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

குஞ்சம் சுழற்றுவது

மார்பில் ஒட்டும் சிறு மூடிகளுக்கு பேஸ்டீஸ் என்று பெயர். கூம்பு வடிவில், ஜமிக்கியோ கல்லோ பதித்து, நுனியில் குஞ்சம் தொங்கும். குஞ்சத்தை நேராகத் தைத்துவிட்டால் நாலு சுற்றில் நூல் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தூண்டில்காரர்கள் நரம்பு முறுக்காமல் இருக்கப் போடும் சிறு உலோகச் சுழலியை இடையில் கோப்பார்கள். குஞ்சத்தின் நுனியில் மணி கோத்தால் சுழற்சி நிதானமாகவும் பெரிதாகவும் இருக்கும். வெறும் நூல் என்றால் எளிதில் திசை மாற்றலாம், ஆனால் பின்வரிசைக்குத் தெரியாது.

சுழற்சி மார்பிலிருந்து வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் அது முழங்காலிலும் குதிகாலிலும் இருந்து ஏறி வரும் சின்னத் துள்ளல். கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் மார்பு உயர்ந்து எளிதாகிறது, அதனால்தான் பலரும் அந்த நிலையிலேயே தொடங்குவார்கள். இரண்டு குஞ்சமும் எதிரெதிர்த் திசையில் போவதைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அதைவிடக் கடினமானது நிறுத்துவது. முழு வேகத்தில் சுழலும் குஞ்சத்தைத் தாளத்தில் சட்டென்று தொங்கவிட்டு, அடுத்த அடியில் மறுதிசையில் தொடங்குகிறவர் அரிது. கேரி ஃபின்னெல் என்ற பழைய கலைஞரை இந்த வித்தையின் முன்னோடியாகச் சொல்வார்கள்.

பேஸ்டீஸ் விழுவதற்குக் காரணம் மூன்று: தோலில் லோஷன் அல்லது எண்ணெய், உடம்பில் பூசிய பளபளப்புத் தூள், வியர்வை. ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்ட பிறகே விக் டேப்பை (பொய்முடி ஒட்டும் நாடா) துண்டுகளாக, பூவிதழ் போலச் சுற்றி ஒட்ட வேண்டும். ஸ்பிரிட் கம் என்ற மேடை ஒப்பனைப் பசையைப் பயன்படுத்துகிறவர்கள் மெல்லிதாகத் தடவி, விரலில் பிசுபிசுப்பு வரும் வரை காத்திருந்து அழுத்துவார்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் வழுக்கும். பல ஊர்களில் அரங்கின் உரிமத்துக்கே இந்த மூடி கட்டாயம் என்பதால், ஒன்று கழன்றால் அது சங்கடத்தோடு முடிகிற விஷயமல்ல. ஒரு கை மார்பின் மேல் போய் அமர்ந்து, முகத்தில் 'அடடா' என்ற பாவம் வந்து, அந்தக் கையை எடுக்காமலே மீதி ஆட்டம் முடிந்தால் எழுந்து நின்று கைதட்டுங்கள். அந்த இடத்தில் பலர் ஓடிவிடுவார்கள்.

கொக்கி, ஜிப், கயிறு

இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உடையான கோர்செட்டின் முன்புறம் இரண்டு எஃகுப் பட்டைகள், ஒன்றில் குமிழ், மற்றதில் துளை. கழற்ற வேண்டுமானால் இரு விளிம்பையும் ஒன்றை நோக்கி ஒன்றாகத் தள்ள வேண்டும். பின்கயிறு இறுக்கமாக இருந்தால் தள்ள இடமே இருக்காது. அதனால் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே பார்வையாளருக்கு முதுகு காட்டி, கயிற்றைத் தளர்த்துவதையே ஒரு காட்சியாக்கி, பிறகு திரும்புவார்கள். முன்பக்கம் நின்று குமிழோடு போராடுவதைப் பார்த்தால் பின்கயிற்றை மறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜிப் மடிப்புத் துணியைக் கவ்வும். வெல்க்ரோவின் கிழியும் சத்தம் பாட்டின் மேல் ஏறிக் கேட்கும், போதாக்குறைக்கு ஸ்டாக்கிங்ஸையும் பிடித்து இழுக்கும். மணிச்சரம் தொங்கும் உடை வலைக் காலுறையில் சிக்கும். ஸ்டாக்கிங்ஸ் கழற்றுபவர் அதைப் பிடித்து நிறுத்தும் இடுப்புப்பட்டையான கார்டர் பெல்ட்டின் கொக்கிகளை ஒரு கையால், குனியாமல் அவிழ்க்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

ஆண்கள் ஆடும் பாய்லெஸ்க்கில் இதே வேலையைக் கழுத்துப்பட்டியும் சட்டைக் கைப்பொத்தானும் செய்கின்றன. கைப்பொத்தானைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் முன்வரிசைக்காரரின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவது நல்ல விளையாட்டு. காலுறையைக் கவர்ச்சியாகக் கழற்றுவது மட்டும் யாருக்கும் எளிதில் கைவருவதில்லை. கெட்டிக்காரர்கள் அதை நகைச்சுவையாக்கிவிடுவார்கள்.

தாளமும் கணக்கும்

ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 4 நிமிடம், கழற்ற வேண்டிய உருப்படிகள் 8 என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 30 விநாடி. அதிலேயே நடை, திரும்பல், சிரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் எதுவும் மனதில் நிற்காது, துணி மாற்றும் அறையை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். 4 அல்லது 5 உருப்படிகளோடு வருகிறவருக்கு ஒவ்வொன்றையும் வளர்க்க இடம் இருக்கும். உருப்படிகளை விரல்விட்டு எண்ணுங்கள், ஏன் ஓர் ஆட்டம் அவசரமாகத் தெரிந்தது என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும்.

டிரம் அடி விழும் அதே இடத்தில் இடுப்பை வெட்டுவதும் துணியை எறிவதும் அடிப்படைப் பாடம். அதைத் தாண்டியவர்கள் அடியைத் தவறவிடுவது போல் தவறவிட்டு, அரை இடம் தள்ளி எடுப்பார்கள். பாட்டுக் கச்சேரியில் சமத்தில் எடுப்பதற்கும் தள்ளி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது உடனே பிடிபடும். பதிவு செய்த பாட்டு என்றால் ஆடுபவர்தான் பாட்டைத் துரத்த வேண்டும். வாத்தியக் குழு நேரில் வாசித்தால் டிரம்காரர் ஆடுபவரைப் பார்த்துக் காத்திருப்பார். நேரிசை இரவுகளில் அடிக்கடி டிரம்காரர் பக்கம் கண்ணைத் திருப்புங்கள்.

கல் பதித்த உடைகளுக்கு ஒரு குறிப்பு. 20 எஸ்எஸ் (கல்லின் அளவைக் குறிக்கும் எண்) அளவுள்ள கல் சுமார் 4.7 மில்லிமீட்டர். தனிக்கல்லாக அது பின்வரிசைக்குத் தெரியாது, கூட்டமாகச் சேர்ந்து மினுங்குவதுதான் தெரியும். விளக்குக்கும் கல்லுக்கும் இடையிலான கோணம் மாறினால்தான் மினுக்கம். அசையாமல் நின்றால் ஆயிரம் கல்லும் சாம்பல்தான். நுழைந்ததும் சிலை போல நிற்கும் ஒருவரின் உடை மின்னுகிறது என்றால், மூச்சையோ தோளையோ வைத்து அவர் அதை மின்ன வைக்கிறார். ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 2021இல் கைவினைக்காரர்களுக்குத் தனிக் கற்கள் விற்பதை நிறுத்திய பிறகு பலரும் செக் நாட்டுப் பிரெசியோசா கற்களுக்கு மாறியிருக்கிறார்கள். பழைய உடை, புதிய உடை என்று பின்மேடையில் நடக்கும் பேச்சில் பாதி இதைப் பற்றித்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம்

1868இல் லிடியா தாம்ஸன் தன் பிரிட்டிஷ் குழுவோடு நியூயார்க்கில் இறங்கியபோது பர்லெஸ்க் என்பது கேலி நாடகம். துணி கழற்றல் பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைய நியோ பர்லெஸ்க் அந்தக் கேலியைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. அலுவலகக் குமாஸ்தாவாகவோ, பூச்சியாகவோ, அரசியல்வாதியாகவோ வேடமிட்டு வருகிறவரிடம் வழுக்கும் கையுறை நேர்த்தியைத் தேடாதீர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: துணி கழல்வதால் கதை நகர்கிறதா? கழற்றாமலே அந்த நகைச்சுவை முழுமையாக இருந்திருக்குமானால், அது பர்லெஸ்க்கின் மேல் ஒட்டிய துணுக்கு. மேல்கோட்டு கழன்றதும் உள்ளே இருப்பது கதையைத் தலைகீழாக்குகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்ஸி ரோஸ் லீ பேசிப் பேசியே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்; மிகக் குறைவாகக் கழற்றி மிகப் பெரிய பெயர் வாங்கியவர். பேச்சு வரும் ஆட்டங்களை அவர் வரிசையில் வைத்துப் பாருங்கள். பாம்போடு ஆடிய ஸோரிட்டா, புறாக்களைப் பழக்கிய ரொஸிட்டா ராய்ஸ், மேடையில் குளியல் தொட்டி வைத்த லிலி செயின்ட் சிர், பிரம்மாண்ட மார்ட்டினிக் கோப்பையில் இறங்கிய டீட்டா வான் டீஸ் என்று பெரிய பொருளை நம்பிய மரபும் உண்டு. அதில் பார்க்க வேண்டியது: அந்தப் பொருளுக்குள் போவதும் வெளியே வருவதும் எப்படி இருக்கிறது? கோப்பைக்குள் இருக்கும்போது யாரும் அழகுதான். ஈரக் காலோடு ஏணியில் இறங்கும்போதும் தன் வேடத்தை விடாதவர் குறைவு.

மூத்தோர் இரவுக்கு நோட்டை மூடி வையுங்கள் என்றே சொல்வோம். ஜென்னி லீ என்ற ஆட்டக்காரி 1955இல் சக ஆட்டக்காரிகளின் சங்கத்தைத் தொடங்கி, நினைவுப் பொருட்களைச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு டிக்ஸி எவன்ஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரி கலிஃபோர்னியாவின் ஹெலண்டேல் பாலைநிலத்தில், பழைய ஆட்டுப் பண்ணை ஒன்றில் அதை அருங்காட்சியகமாக நடத்தினார். கூட்டம் வரவழைக்கத் தொடங்கிய மிஸ் எக்ஸாடிக் வேர்ல்ட் போட்டிதான் இன்றைய லாஸ் வேகஸ் வார இறுதியாக வளர்ந்திருக்கிறது. 2004இல் டர்ட்டி மார்ட்டினியும் 2006இல் ஜூலி அட்லஸ் மஸ்ஸும் வென்ற பட்டம் அதுதான். எழுபது, எண்பது வயதில் ஒருவர் மேடைக்கு வந்து தோளிலிருந்து சால்வையை இரண்டு அங்குலம் மட்டும் சரியவிட்டு, பிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளும்போது, முந்தைய இரண்டு இரவுகளில் எத்தனை பேர் அந்த இரண்டு அங்குலத்தை அவசரமாகக் கடந்து போனார்கள் என்று தெரியும்.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது

கத்துங்கள், விசிலடியுங்கள். அமைதியான அரங்கில் இந்த ஆட்டம் செத்துவிடும். மேலே சொன்ன நான்காவது விரல் நிறுத்தமெல்லாம் நீங்கள் சத்தம் போட்டால்தான் நடக்கும். உடலைப் பற்றிய மதிப்பீட்டையோ, 'இன்னும் கழற்று' என்ற அதட்டலையோ கத்தாதீர்கள். தொடக் கூடாது. மேடையிலிருந்து பறந்து வந்து மடியில் விழுந்த கையுறை உங்களுடையதல்ல, கிட்டனிடம் கொடுங்கள். பணம் எறிவது சில அரங்குகளில் வழக்கம், சிலவற்றில் தடை. தொகுப்பாளர் முதலிலேயே சொல்வார். நாணயம் எறிவது எங்குமே வேண்டாம், வெறுங்காலில் மிதித்தால் வழுக்கும். படம் எடுக்கும் விதி விழாவுக்கு விழா மாறும், நுழைவாயில் பலகையைப் படியுங்கள்.

தேர்ந்தெடுப்பது

ஞாயிறு இரவே பட்டியல் போடாதீர்கள். கடைசியாகப் பார்த்தவை பெரிதாகத் தெரியும், முதல் இரவுக்காரர்கள் காணாமல் போவார்கள். திங்கள் காலை, நோட்டைத் திறக்காமல் நினைவிலிருந்து ஐந்து ஆட்டங்களை எழுதுங்கள். பிறகு நோட்டில் வட்டமிட்ட பக்கங்களைப் பாருங்கள். இரண்டிலும் இருப்பவை கேள்வியே இல்லாமல் உள்ளே. நினைவில் மட்டும் இருந்து நோட்டில் இல்லாதவை பெரும்பாலும் உடையாலோ பெரிய பொருளாலோ நின்றவை. நோட்டில் மட்டும் இருப்பவற்றில், ஒரே ஒரு நுணுக்கத்துக்காக வட்டமிட்டீர்களா, ஆட்டம் முழுக்கப் பிடித்துப் போனதா என்று உங்கள் மூன்று குறிப்புகளே சொல்லும். கடைசி நிலையைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஆட்டம் முடிவில் கலைந்திருக்கிறது.

நடுவர்கள் பட்டம் கொடுத்தவர் உங்கள் ஐந்தில் இல்லாமல் போகலாம். அவர்கள் பார்ப்பது உடை, நுட்பம், மேடை ஆளுமை என்று வகை பிரித்து. எல்லாவற்றிலும் ஓரளவு நல்ல மதிப்பெண் வாங்குகிறவர் அங்கே ஜெயிப்பார். ஒரே ஒன்றில் உச்சம் தொட்டு மற்றதில் சொதப்பியவர் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கலாம்.

பட்டியலை வெளியே பகிரும்போது மேடைப்பெயரை நிகழ்ச்சி நிரலில் உள்ள எழுத்துக்கூட்டோடு அப்படியே எழுதுங்கள், உண்மைப் பெயர் தெரிந்திருந்தாலும் போடாதீர்கள். பலருக்குப் பகல் வேலை வேறு இருக்கும். உடை தைத்தவர், விசிறி செய்தவர் பெயர் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாக முடியும் ஆட்டங்களில் கடைசித் திருப்பத்தை மட்டும் எழுதாதீர்கள்: அதே ஆட்டத்தோடு அவர் அடுத்த ஊருக்கும் போவார்.